சிலந்தி என்ன சாப்பிட்டது என்று டிஎன்ஏ சொல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயல் வரப்பில் குனிந்து சிலந்தி பிடித்துக்கொண்டிருந்தால், அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு கேள்வியாவது கேட்காமல் போக மாட்டார்கள். விவசாயிகள் கேட்பது ஒரு விதம், கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது இன்னொரு விதம். படிக்கும் காலத்தில் டெல்டா வயல்களில் நான் சிலந்தி சேகரித்த நாட்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளமாகப் போகும், சிலவற்றுக்கு நாலு வரியே அதிகம்.

சிலந்தி பூச்சி தின்னும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

"பூச்சி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், சிக்கலே அங்கேதான். நெல்லின் தூரடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் புகையானும் பூச்சிதான், அந்தப் புகையானின் முட்டையைக் குத்திக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் பூச்சிதான். சிலந்தி முதலாவதைத் தின்றால் விவசாயிக்கு லாபம், இரண்டாவதைத் தின்றால் நஷ்டம். மேலே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டுமே நொய்யரிசி அளவில் ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

அதோடு இது சின்னக் கணக்கும் இல்லை. சுவிட்சர்லாந்தில் பாசல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் நைஃபெலரும் அவரோடு கிளாஸ் பிர்க்ஹோஃபரும் 2017இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள்: உலகத்துச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இரை தின்கின்றன. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் காடுகளிலும் புல்வெளிகளிலும் நடக்கிறது, பயிர் வயலின் பங்கு மிகக் குறைவு. ஆனால் இது மொத்த எடைக் கணக்கு. எந்தச் சிலந்தி, எந்த இடத்தில், எந்த இரையை என்று கேட்டால் இந்தக் கணக்கில் பதில் இருக்காது. பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கையோ 2022இலேயே 50,000ஐத் தாண்டிவிட்டது.

வலையில் மாட்டியிருப்பதை எண்ணினால் போதாதா?

வலை கட்டுகிற சிலந்திக்கு ஓரளவு போதும். ஆனால் வலையில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் பெரிய பூச்சிகளின் கூடு. சின்னஞ்சிறு பூச்சிகள் தடமே இல்லாமல் போய்விடும், வட்ட வலை கட்டும் சிலந்திகளில் பல பழைய வலையையே தின்றுவிட்டுப் புது வலை போடும், அப்போது ஒட்டியிருந்த சின்னப் பூச்சியும் சேர்ந்து உள்ளே போய்விடும். தவிர, சிலந்தி இனங்களில் ஏறக்குறைய பாதி இரை பிடிக்க வலையே கட்டுவதில்லை.

இரவில் நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்து பாருங்கள். வெளிச்சம் படும் இடமெல்லாம் பனித்துளி மாதிரிப் பச்சையாக மின்னும், கிட்டப் போனால் அது ஓநாய் சிலந்தியின் கண். நான் ஒருமுறை அப்படி ஒன்றின் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தாடையில் எதையோ கவ்வி வைத்திருந்தது. ஆரம்பத்தில் ஒரு இறக்கை தெரிந்தது, பிறகு அதுவும் மடங்கிப்போய், கடைசியில் எள்ளுருண்டை மாதிரி ஒரு கறுப்பு உருண்டை மட்டும் மிஞ்சியது. அதைக் கீழே போட்டுவிட்டுச் சிலந்தி நடந்துவிட்டது. உருண்டையை எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தும் அது ஈயா தத்துப்பூச்சியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தவளை வயிற்றைத் திறந்து பார்க்கிற மாதிரி சிலந்தி வயிற்றையும் திறந்து பார்க்கலாமே?

பார்க்கலாம், ஒன்றும் தெரியாது. தவளை இரையை முழுசாக விழுங்கும். வௌவால் எச்சத்தில்கூட இறக்கைத் துணுக்கு, கால் துணுக்கு கிடைக்கும். சிலந்தி அப்படிச் சாப்பிடுவதில்லை. செரிமான நீரை இரையின் மேல் கக்கி, வெளியிலேயே கூழாக்கி, அந்தக் கூழை வடிகட்டி உறிஞ்சிக்கொள்ளும். தாடையில் பற்கள் உள்ள இனங்கள் இரையை மென்று பிசையும். நண்டுச் சிலந்திகளுக்கு அந்தப் பற்கள் கிடையாது, சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை மட்டும் குடித்துவிட்டு வெறும் கூட்டை விட்டுவிடும். எப்படியானாலும் வயிற்றுக்குள் போவது வெறும் சாறு.

அந்தச் சாற்றில் இரையின் செல்கள் இருக்கின்றன, செல்லுக்குள் டிஎன்ஏ இருக்கிறது. அதனால்தான் மற்ற எந்த விலங்கைவிடவும் சிலந்திக்கு இந்த முறை பொருந்துகிறது என்று நினைக்கிறேன், வேறு வழிகள் எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன.

செரித்துப்போன பிறகு டிஎன்ஏ எங்கே இருக்கும்?

செரிக்க நேரம் ஆகும். சிலந்தியின் குடல் நம்முடையதைப் போல ஒரே குழாயாக இல்லை. நடுக்குடலிலிருந்து கிளை கிளையாகப் பைகள் பிரிந்து வயிறு முழுக்கப் பரவியிருக்கும், தலைமார்புப் பகுதிக்குள்ளும் நீளும். உறிஞ்சிய கூழை அங்கே தேக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்து தாக்குப்பிடிப்பதற்கும் இந்த ஏற்பாடு ஒரு காரணம். அதனால் இரையின் டிஎன்ஏ ஒரு நாளுக்குப் பிறகும் எளிதாகக் கிடைக்கும், பல நேரங்களில் சில நாட்கள் வரைகூடக் கிடைக்கும். வெயில் அதிகமானால் செரிமானம் வேகமாகும், காலமும் குறையும். ஆகவே குளிர் நாட்டுச் சிலந்தியையும் நம் ஊர்ச் சிலந்தியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது.

சரி, படிப்படியாக எப்படிச் செய்கிறார்கள்?

முதல் படி சிலந்தியைத் தனித்தனியாகப் பிடிப்பது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல் தடவை போனபோது குப்பி போதவில்லை என்று ஐந்து ஓநாய் சிலந்திகளை ஒரே குப்பியில் போட்டு வைத்தேன். அரை மணியில் ஒன்று இன்னொன்றைக் கவ்விக்கொண்டிருந்தது, மற்றவையும் கால் இழந்து கிடந்தன. அன்றைய சேகரிப்பு முழுதும் வீண், அடுத்த நாள் மறுபடியும் அதே வயலுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு குப்பிக்கு ஒரு சிலந்தி. பிடித்தவுடன் நல்ல செறிவுள்ள எத்தனாலில் போட்டுக் குளிரில் வைத்துவிட வேண்டும். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது செரித்துக்கொண்டே இருக்கும், நாம் தேடுவது கரைந்துகொண்டே போகும்.

ஆய்வுக்கூடத்தில் முதலில் உடம்பின் வெளிப்புறத்தைக் கழுவுவார்கள், காலில் ஒட்டிய மகரந்தமோ, தரையில் புதைத்து வைக்கும் குழிப்பொறியில் கூட விழுந்த பூச்சியின் சாறோ இருக்கக்கூடும். பிறகு வயிற்றுப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது வழக்கம். ஓநாய் சிலந்தி என்றால் அது ஒரு மிளகு அளவு, இங்கிலாந்துக் கோதுமை வயல்களில் இருக்கும் குட்டிச் சிலந்தி என்றால் கடுகு அளவுதான். அதை நசுக்கி டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கிறார்கள். அதில் எல்லாம் கலந்திருக்கும்: சிலந்தியுடையது, இரையுடையது, பாக்டீரியாவுடையது.

அடுத்து பிசிஆர். பிரைமர் என்கிற சின்ன டிஎன்ஏ துண்டுகள் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரு முனையிலும் போய் ஒட்டிக்கொள்ளும், நடுவில் உள்ள பகுதி கோடிக்கணக்கில் நகலாகும். விலங்குகளுக்குப் பெரும்பாலும் எடுப்பது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிஓஐ மரபணு. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பால் ஹெபர்ட் 2003இல் இந்த மரபணுவின் ஒரு துண்டை எல்லா விலங்குகளுக்கும் பொதுவான அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று முன்வைத்தார். கடைப் பொருளில் ஒட்டியிருக்கும் பார்கோடு மாதிரி, இனத்துக்கு இனம் டிஎன்ஏவின் "எழுத்துகள்", அதாவது அதை ஆக்கும் நான்கு வகை அலகுகளின் வரிசை, மாறும். முழுத் துண்டு 658 எழுத்து நீளம். சிலந்தி வயிற்றில் பாதி செரித்த நிலையில் அவ்வளவு நீளம் முழுசாகக் கிடைப்பது அரிது, அதனால் 150 முதல் 300 எழுத்து வரையிலான சிறு பகுதியை எடுப்பார்கள்.

நகல்களை வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் போட்டால் லட்சக்கணக்கான எழுத்து வரிசைகள் வரும். ஒவ்வொரு சிலந்தியின் நகலுக்கும் முன்பே ஒரு அடையாள எழுத்துக்கோவை ஒட்டியிருப்பார்கள், அதனால் நூற்றுக்கணக்கான சிலந்திகளை ஒரே ஓட்டத்தில் போட்டுவிட்டு எது யாருடையது என்று பிறகு பிரித்துக்கொள்ளலாம். கடைசியில் அந்த வரிசைகளைப் போல்டு, ஜென்பேங்க் மாதிரியான பொதுத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு, இது இன்ன ஈ, இது இன்ன தத்துப்பூச்சி என்று பெயர் வைப்பார்கள். இந்த முழு வேலைக்கும் மெட்டாபார்கோடிங் என்று பெயர்.

சிலந்தியின் சொந்த டிஎன்ஏவும் நகலாகாதா?

ஆகும், இந்தத் துறையின் பெரிய தலைவலி அதுதான். சிலந்தியின் டிஎன்ஏ புதுசு, முழுசு, ஏராளம். இரையுடையது உடைந்தது, கொஞ்சம். இரண்டையும் ஒன்றாகப் பிசிஆரில் போட்டால் வருகிற வரிசைகளில் பெரும்பகுதி "நான் சிலந்தி" என்றுதான் சொல்லும்.

சிலர் சிலந்தியின் டிஎன்ஏவில் மட்டும் ஒட்டி அதை நகலாக விடாமல் தடுக்கும் துண்டுகளைச் சேர்க்கிறார்கள். சிலர் சிலந்தியில் ஒட்டாதபடி பிரைமரையே வடிவமைக்கிறார்கள், அப்படி ஒன்றுக்கு "நோ ஸ்பைடர்" என்பதைச் சுருக்கி நோஸ்பை என்றே பெயர் வைத்தார்கள். ஸ்பெயின் ஆய்வாளர் ஒருவரின் குழு 2014இல், எதையும் தடுக்க வேண்டாம், ஆழமாக வரிசைப்படுத்தினால் மீதியில் இரை தானாகத் தெரியும் என்று காட்டியது. ஹென்ரிக் கிரெஹன்விங்கல் குழுவினர் 2017இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது: இரையின் டிஎன்ஏ உடைந்து சிறிதாகவும் சிலந்தியுடையது நீளமாகவும் இருக்கிறது அல்லவா, அப்படியானால் நீளத்தை வைத்தே பிரித்துவிடலாம். செலவும் குறைவு.

சிலந்தியை ஒதுக்கும் பிரைமருக்கு ஒரு விலை உண்டு. சிலந்தி இன்னொரு சிலந்தியைத் தின்றிருந்தால் அதுவும் சேர்ந்து மறைந்துபோகும். சிலந்திகள் ஒன்றையொன்று தின்பது சாதாரண விஷயம் என்பதால் இது சின்ன இழப்பு இல்லை. ஒரே இனத்துக்குள் தின்றுகொண்டால் எந்தப் பிரைமரை வைத்தாலும் வழக்கமான முறையில் கண்டுபிடிக்க முடியாது, இரண்டின் பார்கோடும் ஒன்றுதானே.

டிஎன்ஏவுக்கு முன்னால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எதிர்ப்புரதம் வைத்து. ஒரு பூச்சியின் புரதத்துக்கு மட்டும் வினை காட்டும்படி எதிர்ப்புரதம் தயாரித்து, சிலந்திச் சாற்றில் அது வினை காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பூச்சிக்கு ஒரு தயாரிப்பு, அதற்கே மாதக்கணக்கில் வேலை.

பிறகு 1990களின் இறுதியில் குறிப்பிட்ட இரைக்கான பிசிஆர் வந்தது. இங்கிலாந்துக் கோதுமை வயல்களில் நூரியா அகுஸ்தியும் கூட்டாளிகளும் செய்த வேலை 2003இல் வெளிவந்தது. அங்கே தரையை ஒட்டிச் சின்ன விரிப்பு வலை கட்டும் குட்டிச் சிலந்திகள் ஏராளம். எல்லோரும் கேட்ட கேள்வி, இவை அசுவினியைத் தின்னுமா என்பது. இவர்கள் கேட்டதோ, அசுவினி வராத காலத்தில் இவை எதைத் தின்று உயிர் வாழ்கின்றன என்பது. விடை ஸ்பிரிங்டெயில்: மண்ணில் மக்கும் குப்பையிலும் பூஞ்சையிலும் வாழும், வயிற்றடியில் உள்ள வாலை வைத்துத் துள்ளும், மில்லிமீட்டர் அளவு உயிரி. பயிருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. அதைத் தின்றுதான் சிலந்திக் கூட்டம் அசுவினி வரும்வரை வயலை விட்டுப் போகாமல் காத்திருக்கிறது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நெல் வயலிலும் இதே கதை வரும்.

வாழிடம் மாறினால் ஒரே சிலந்தியின் உணவு மாறுமா?

சில இடங்களில் மாறுகிறது, சில இடங்களில் மாறவில்லை. மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் பால்டிக் கடலோரம், ஸ்வீடன். கரையில் கடற்பாசி ஒதுங்கிக் குவிந்து கிடக்கும், அதன் மேல் ஓநாய் சிலந்திகள் நெருக்கமாகத் திரியும். கடலில் புழுப்பருவத்தைக் கழித்துவிட்டு மேலே பறந்து வரும் கைரோனமிட் என்கிற, பார்க்கக் கொசு போலிருந்தும் கடிக்காத ஈக்கள் அங்கே கூட்டம் கூட்டமாக இருக்கும். கடலிலிருந்து கரைக்கு வரும் இந்தச் சாப்பாட்டால்தான் சிலந்திகள் அங்கே இவ்வளவு இருக்கின்றன என்பது பழைய ஊகம். 2019இல் வெளியான ஆய்வில் இரண்டு ஓநாய் சிலந்தி இனங்களின் வயிற்றுச் சாற்றை மாதா மாதம் பார்த்தார்கள். மே முதல் ஜூலை வரை பெரும்பாலும் நிலத்துப் பூச்சிகள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் கடலிலிருந்து வந்தவை, முக்கியமாகக் கைரோனமிட்.

இதைப் பார்த்ததும், சரி, அந்த மாதங்களில் கைரோனமிட் அதிகமாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். அவர்கள் கரையில் இருந்த பூச்சிகளையும் சேர்த்து எண்ணியிருந்ததால் அப்படி இல்லை என்று தெரிந்தது. மாறியது சிலந்தியின் வயசு. இலையுதிர் காலத்தில் கரையில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள், அவற்றால் பிடிக்க முடிந்தது பலமாகப் பறக்கத் தெரியாத சின்ன ஈக்களைத்தான். வசந்தத்தில் அதே சிலந்திகள் வளர்ந்து, அந்துப்பூச்சி, பெரிய ஈ என்று தடித்த இரைக்கு மாறிவிடுகின்றன. அதாவது இலையுதிர் காலத்தில் கடல் வளர்த்துவிட்ட குஞ்சுகள், அடுத்த வசந்தத்தில் நிலத்துப் பூச்சிகளை வேட்டையாடுகின்றன. கடலுக்கும் கரைச் செடியில் இருக்கும் புழுவுக்கும் நடுவில் இப்படி ஒரு கண்ணி இருப்பதை வெறும் கண்ணால் யாரும் பார்த்திருக்க முடியாது. இந்த ஆய்வை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

இரண்டாவது, வடகிழக்கு கிரீன்லாந்தில் சாக்கன்பெர்க். வடதுருவப் பகுதியில் மரமே இல்லாத நிலம், அங்கேயும் ஒரு ஓநாய் சிலந்தி இருக்கிறது. மலைச்சரிவில் கீழிருந்து மேலே போகப் போகக் குளிரும் செடிகளும் பூச்சிக் கூட்டமும் மாறும், சிலந்தியின் உணவும் மாறும் என்றுதான் எதிர்பார்ப்போம். அதுவும் 2019இல் வந்த ஆய்வுதான். சூழல் மாறினாலும் உணவு பெரிதாக மாறவில்லை, கிடைப்பதில் பலவற்றையும் எங்கும் பரவலாகத் தின்கிறது என்பதுதான் அதன் சாரம்.

மூன்றாவது ஹவாய். நம் நெல் வயலில் கால்களை முன்னும் பின்னும் நீட்டி இலையோடு இலையாக ஒட்டிக்கிடக்கும் நீள்தாடைச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள், டெட்ராக்னாதா என்கிற பேரினம். அதே பேரினம் ஹவாய்த் தீவுகளுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்து பல இனங்களாகப் பிரிந்திருக்கிறது. அதில் ஒரு கிளை வலை கட்டுவதையே விட்டுவிட்டு இரவில் நடந்து வேட்டையாடுகிறது, காலில் நீண்ட முட்கள் முளைத்திருக்கின்றன. வலை கட்டுபவையும் நடந்து பிடிப்பவையும் ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்து மரத்தில் இருக்கும். வயிற்று டிஎன்ஏவையும் உடலின் ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள், சாப்பாட்டைப் பொறுத்து உடலில் அவற்றின் விகிதம் மாறும்) சேர்த்துப் பார்த்தபோது இரு தரப்பின் சாப்பாடும் வேறு வேறு என்று தெரிந்தது. வாழிடம் ஒன்று, பிடிக்கும் விதம் வேறு, உணவும் வேறு.

ஒரே ஒரு இரையை மட்டும் தின்னும் சிலந்தி உண்டா?

உண்டு. தென்னாப்பிரிக்காவில் அம்மோக்சீனஸ் ஆம்ஃபலோடிஸ் என்று ஒரு சிலந்தி, கறையான்கள் தோண்டித் தள்ளிய மண்குவியலில் வாழும். 2015இல் செக் ஆய்வாளர்களும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களும் அதன் குடலை வரிசைப்படுத்தினார்கள். வந்த இரை எல்லாம் ஒரே கறையான் இனம், ஹோடோடெர்மஸ் மொசாம்பிகஸ். மற்ற எதுவும் இல்லை. "எல்லாச் சிலந்தியும் கிடைத்ததைத் தின்னும்" என்று பொதுவாகச் சொல்லும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

எதிர்ப்பக்கமாக, மத்திய அமெரிக்காவில் பகீரா கிப்ளிங்கி என்கிற குதிக்கும் சிலந்தி பெரும்பாலும் அகேசியா இலையின் நுனியில் உள்ள சத்து உருண்டைகளைத் தின்று வாழ்கிறது. இதைக் கண்டது நேரில் கவனித்தும் ஐசோடோப்பு பார்த்தும்தான். விலங்குக்கான சிஓஐ பிரைமரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் அந்தச் செடி பட்டியலில் வந்தே இருக்காது. எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும்.

நெல் வயலுக்கு இதனால் என்ன பயன்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், எனக்கு மிகவும் முக்கியமானதும் இதுதான்.

புகையான் தாக்கிய வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வட்ட வட்டமாகத் தீய்ந்துபோன மாதிரி இருக்கும். பயந்துபோய் முன்கூட்டியே மருந்து அடிப்போம். மருந்தில் முதலில் சாவது மேலே திரியும் சிலந்தியும் மிரிட் பூச்சியும். இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும் புகையான் முட்டைகள் தப்பித்துவிடும். பொரிந்து வரும்போது அவற்றைத் தின்ன ஆள் இருக்காது. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்குப் பின்னால் இருந்தது இந்தப் புகையான் பிரச்சினைதான்.

ஜாவாவின் நெல் வயல்களில் வில்லியம் செட்டிலும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1996இல் வந்தது. டிஎன்ஏ இல்லாத வேலை, ஆனால் அருமையான வேலை. நடவுக்குப் பிறகு வயலில் பயிர்ப்பூச்சி வருவதற்கு முன்பே மக்கும் குப்பையையும் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்களையும் தின்னும் சின்னப் பூச்சிகள் ஏராளமாகப் பெருகுகின்றன, அவற்றைத் தின்று சிலந்தி முதலான வேட்டை உயிரிகள் வயலில் முன்கூட்டியே குடியேறிவிடுகின்றன, புகையான் வரும்போது படை தயாராக நிற்கிறது. கோதுமை வயலில் ஸ்பிரிங்டெயில் செய்த வேலையை இங்கே கைரோனமிட்டும் அது போன்றவையும் செய்கின்றன. 1990களில் வியட்நாமின் மேகாங் டெல்டாவில் கே. எல். ஹியோங் போன்றவர்கள் "முதல் 40 நாளைக்கு மருந்து வேண்டாம்" என்று விவசாயிகளிடம் பிரசாரம் செய்ததும் இந்தப் புரிதலோடு ஒத்துப்போவதுதான்.

டிஎன்ஏ இங்கே எதைச் சேர்க்கிறது என்றால், "இருக்கும்" என்பதை "இருக்கிறது" என்று மாற்றுகிறது. நடவு செய்து 20ஆம் நாள் பிடித்த ஓநாய் சிலந்தியின் வயிற்றில் கைரோனமிட்டும் 60ஆம் நாள் பிடித்ததில் புகையானும் இருக்கிறதா, எரு போட்ட வயலுக்கும் போடாத வயலுக்கும் வித்தியாசம் உண்டா, வரப்பில் உளுந்து போட்ட வயலில் என்ன, புல் மண்டிய வரப்பில் என்ன என்று நேராகக் கேட்கலாம். பக்கத்து வயலில் "சிலந்தியால என்ன சார் பிரயோசனம்" என்று கேட்பவரிடம் "இந்த வயலின் சிலந்தியில் இத்தனைக்கு இத்தனை புகையான் தின்றிருந்தது" என்று சொல்ல முடிந்தால் அந்தப் பேச்சின் எடையே வேறு.

எத்தனை பூச்சி தின்றது என்று சொல்லுமா?

சொல்லாது. ஒரு புகையான் என்றாலும் பத்து என்றாலும் வரிசைகளின் எண்ணிக்கையை வைத்து நம்பிச் சொல்ல முடியாது. சில இனங்களில் பிரைமர் நன்றாக ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது, நேற்றைய பெரிய இரையைவிட இன்றைய சின்ன இரை அதிகமாகத் தெரியும். அதனால் பெரும்பாலும் "இந்த இரை எத்தனை சிலந்தியில் இருந்தது" என்ற கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

பட்டியலில் வந்ததெல்லாம் உண்மையிலேயே சிலந்தி தின்றதுதானா?

இல்லை, இதில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. சிலந்தி தின்ற பூச்சி, அதற்கு முன் இன்னொன்றைத் தின்றிருக்கலாம், இரண்டும் வரும். செத்துக் கிடந்ததைத் தின்றிருக்கலாம், உயிரோடு பிடித்தது என்று நாம் எழுதிவிடுவோம். சிலந்தியின் உடலுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு இருந்தால் அது "உணவு" என்று பட்டியலில் வந்து உட்காரும், உண்மையில் அங்கே தின்பது குளவி, தின்னப்படுவது சிலந்தி. மனித டிஎன்ஏ எங்கிருந்தாவது வந்து சேரும். குழிப்பொறியில் பத்துப் பூச்சிகளோடு ஒரு நாள் ஊறிய சிலந்தி என்றால் அதை இந்த வேலைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது, கையால் பிடியுங்கள். டிஎன்ஏவே இல்லாத வெறும் தண்ணீர் மாதிரியையும் கூடவே வரிசைப்படுத்த வேண்டும். அதில் ஏதாவது வந்தால் எங்கோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

வரிசை கிடைத்துப் பெயர் கிடைக்காமல் போகுமா?

வெப்பமண்டலத்தில் அடிக்கடி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பூச்சிகளின் பார்கோடுகளை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் சின்ன ஈக்கள், ஸ்பிரிங்டெயில்கள் போன்றவற்றில் பலவற்றுக்குப் பார்கோடே கிடையாது, "ஏதோ ஒரு ஈக் குடும்பம்" என்ற அளவில் நின்றுவிடும். வயலில் கிடைக்கும் பூச்சிகளை நாமே அடையாளம் கண்டு பார்கோடு எடுத்துத் தரவுத்தளத்தில் சேர்த்தால் பின்னால் வருகிறவர்களுக்குப் பெரிய உதவி.

சிலந்தியைக் கொல்லாமல் செய்ய வழியில்லையா?

வலையை எடுக்கலாம். 2015இல் ஒரு குழு, கறுப்பு விதவைச் சிலந்தியின் வலையில் அந்தச் சிலந்தியின் டிஎன்ஏவும் அது தின்ற சுவர்க்கோழிப் பூச்சியின் டிஎன்ஏவும் இருப்பதைக் காட்டியது, சிலந்தியை அப்புறப்படுத்தி 88 நாளுக்குப் பிறகும் கிடைத்தது. 2024இல் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகக் குழு இன்னும் வேறு பக்கம் போனது. பெர்த் விலங்குக் காட்சிச்சாலையிலும் ஒரு வனச் சரணாலயத்திலும் சிலந்தி வலைகளைச் சேகரித்து, காற்றில் வந்து ஒட்டிய டிஎன்ஏவைத் தேடினார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளில் மட்டும் 93 வகை கிடைத்தன. யானையும் காண்டாமிருகமும் வலையில் மாட்டவா போகின்றன, ஆகவே வலையில் டிஎன்ஏ இருந்தாலே சிலந்தி அதைத் தின்றது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு ஓநாய் சிலந்திக்கு வலையே இல்லை, அதற்கு இந்த வழி உதவாது.

கல்லூரி ப்ராஜெக்ட்டாகச் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு சிலந்தி இனம், இரண்டே இரண்டு இடம். உதாரணமாக ஓநாய் சிலந்தி, நெல் வயலின் நடுப்பகுதியும் அதன் வரப்பும். முட்டைப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் தாயையும் முதுகில் குஞ்சு சுமக்கும் தாயையும் விட்டுவிடுங்கள். பெரியது எது குஞ்சு எது என்று குப்பியிலேயே எழுதிவிடுங்கள், பால்டிக் கரையில் அது தெரியாமல் போயிருந்தால் அந்த ஆய்வின் முடிவே தப்பாகப் போயிருக்கும். பிசிஆர் வசதி உங்கள் துறையிலேயே இருக்கலாம், வரிசைப்படுத்தலை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

அப்புறம், பல பேர் தவறவிடுகிற ஒரு வேலை. சிலந்தி பிடிக்கும் அதே நாள், அதே இடத்தில் என்னென்ன பூச்சி எவ்வளவு இருந்தது என்பதையும் எடுத்து வையுங்கள். பூச்சிவலை வீசியோ மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தோ, தூரடியில் தட்டி ஒரு தட்டில் விழவைத்தோ, எப்படியாவது. வயிற்றில் கைரோனமிட் இருந்தது என்று மட்டும் தெரிந்தால் சிலந்தி அதைத் தேடித் தின்றதா, வேறு எதுவும் இல்லாமல் தின்றதா என்று சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கையைப் பின்னால் போய் எடுக்கவும் முடியாது, வயலில் தண்ணீர் வடிந்திருக்கும், பூச்சி மாறியிருக்கும்.